வேணிம்மாவின் முட்டிவலி

ஜூன் 10, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முட்டிவலிக் களிம்பு விளம்பரம். பாதி வருடம் பீரோவுக்குள் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம், எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கிறது. கத்துவதற்கு இந்த வீட்டில் இடமில்லை.

நடந்தது இவ்வளவுதான். குளித்துவிட்டு வந்து சுடிதாரைப் பாதி மாட்டியிருக்கிறேன், அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "தோசைக்குச் சட்னியா, பொடியா?" என்கிறாள். எனக்கு இருபத்து நான்கு வயது. பிசியோதெரபி படித்துவிட்டு, தினமும் பவானியிலிருந்து பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போய், ஊரார் இடுப்பையும் தோளையும் நேராக்கி அனுப்புகிறேன். அம்மாவை என் கதவைத் தட்ட வைக்க மட்டும் என்னால் முடியவில்லை. "தட்டிட்டு வாம்மா" என்றால், "பெத்தவளுக்கு என்னடி கதவு" என்கிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். உரக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "உங்கம்மா கலெக்டர் ரூமுக்கே தட்டாமத்தான் போவா, உடு கண்ணு" என்றார். அப்பா சிரித்தால் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். இந்த வீட்டில் என் கட்சியில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

ஜூன் 12, புதன்

இன்று எங்கள் மையத்துக்குப் புதிதாக ஓர் அம்மா வந்தார். பெயர் கமலவேணி. பெருந்துறைப் பக்கம் தோட்டம். "இங்க தாரணின்னு ஒரு புள்ள இருக்குதாமே, அதுகிட்டத்தான் காட்டோணும்" என்று வாசலிலேயே கேட்டாராம். என் பெயர் பெருந்துறை வரைக்கும் போயிருக்கிறது பார் என்று எஸ்தரிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். எஸ்தரும் என்னைப் போல இங்கே பிசியோதான், ஆனால் எதற்கும் அசைந்து கொடுக்காத பிறவி. "அட்ரஸ் மாறி வந்திருக்கும்" என்றாள்.

"நடந்து காட்டுங்கம்மா" என்றேன். யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். நடையைப் பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். அவர் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, மடக்கினால் நொறுநொறுவென்ற சத்தமும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கலாமா என்றதற்கு, "அந்தக் கதிரெல்லாம் ஒடம்புக்கு ஆவாது கண்ணு. நீ கரண்டு மட்டும் வெச்சு உடு, போதும்" என்றார். எங்களிடம் வருகிறவர்களுக்கு பிசியோதெரபி என்றால் கரண்டு வைப்பதுதான்.

கரண்டு வைத்துவிட்டு வேறு ஆட்களைக் கவனிக்கப் போனேன். நான் போகும் இடமெல்லாம் அவர் கண்ணும் வந்தது. திரும்பி வந்ததும், "இத்தன நேரம் நின்னுக்கிட்டே இருக்கறயே, ஒரு வாய் தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து என்னை இப்படிக் கேட்ட முதல் ஆள்.

ஜூன் 19, புதன்

வேணிம்மா இன்று இடது காலைச் சாய்த்து நடந்தார். "போன வாரம் வலது காலுடி" என்றாள் எஸ்தர். ஒரு கால் வலித்தால் பாரமெல்லாம் அடுத்த காலில் ஏறும், அதுகூடத் தெரியாதா என்று அவளை ஒரு வாங்கு வாங்கினேன்.

இன்று என்னவோ பேச்சு வாக்கில் அந்தக் கோபிச்செட்டிபாளையம் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த கூட்டம். பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "அப்படியே சமையக்கட்டு வரைக்கும் நடந்துட்டு வா கண்ணு" என்றது. மாட்டுச் சந்தையில் நடக்கவிட்டுப் பார்க்கிற மாதிரி. நடந்தேன். சமையற்கட்டைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன், அவர்கள் கிளம்பும் வரை வரவேயில்லை.

வேணிம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பறம் உங்கப்பா என்ன சொன்னாரு?" என்றார். அப்பா திட்டவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனி உன்னையத் தட்டோட நிக்க வெக்க மாட்டேன். யாரு முன்னாலயும் நடக்கச் சொல்ல மாட்டேன். இது உங்கப்பன் வாக்கு" என்றார். வேணிம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஜூன் 24, திங்கள்

மழை. பஸ் லேட். இருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்குக் கழுத்து, வேணிம்மாவுக்கு முட்டி. எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தார், நானே தின்று தீர்த்தேன்.

ஜூலை 3, புதன்

அம்மா மேல் இருந்த எரிச்சலையெல்லாம் வேணிம்மாவிடம் கொட்டினேன். கதவைத் தட்டாமல் வருவது, யார் போனில் பேசினாலும் "யாரு?" என்பது, டிபன் பாக்ஸைத் திறந்து எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்று பார்ப்பது, எல்லாம். "எங்கம்மாவுக்கு என் வயிறு மட்டுந்தான் தெரியும், என்னத் தெரியாது" என்றுகூடச் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்றிருந்தது. வேணிம்மா, "சொல்லு கண்ணு, எங்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லுவ" என்றார்.

துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தும் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காகச் செய்தார். இந்த மாதிரி நோயாளி எல்லோரும் இருந்தால் எங்கள் தொழில் எங்கேயோ போயிருக்கும்.

ஜூலை 8, திங்கள்

உலக அதிசயம். இன்று காலை அம்மா என் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு வெளியிலேயே நின்று, "வரட்டுமா?" என்று கேட்டாள். மழை கொட்டப்போகிறது என்று நினைத்தேன், உண்மையிலேயே கொட்டியது.

ஜூலை 15, திங்கள்

சொல்லாமல் வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன். பூனாவில் விளையாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. கபடிக்காரன் முட்டி, ஓட்டக்காரி கணுக்கால், கிரிக்கெட் ஆடுகிறவன் தோள்பட்டை. படிக்கும்போதே அங்கே போக வேண்டும் என்று ஆசை. போன மாதம் விண்ணப்பித்தேன். இன்று மதியம் போனில் நேர்காணல். ஸ்டோர் ரூமுக்குள் புகுந்து ஒத்தட மெழுகு டப்பா மேல் உட்கார்ந்துகொண்டு என் ஓட்டை இங்கிலீஷில் பேசினேன். அவர்கள் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கிடைத்தால்தானே சொல்ல வேண்டும்? கிடைக்காவிட்டால் வீண் ரகளை. எஸ்தரிடமும் சொல்லவில்லை, அவள் மூஞ்சியில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். வேணிம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் என்னவோ போலாகிவிட்டது. "அத்தன தூரமா கண்ணு? அப்பாகிட்டச் சொல்லீரு" என்றார். என்னைப் பிரிவதில் அவருக்கு வருத்தம். எனக்கும்தான்.

ஜூலை 24, புதன்

கிடைத்துவிட்டது. செப்டம்பர் இரண்டாம் தேதி சேர வேண்டும். ஸ்டோர் ரூமுக்குள் ஓர் ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

இது ஆடி மாதம். ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்காத வீடு எங்களுடையது. ஆடி முடியும் தறுவாயில் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 26, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "பூனாவுல எல்லாம் இப்ப மழை பின்னுதாமா" என்றார். "எதுக்குங்கப்பா?" என்றேன். "நியூஸ்ல சொன்னான் கண்ணு" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

நியூஸில் சொல்லியிருப்பார்கள். மழைக்காலம்தானே.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. அம்மாவும் நானும் கூடுதுறைக்குப் போனோம். கால் வைக்க இடமில்லை. படித்துறையில் நின்றுகொண்டிருந்தபோது ஆற்றிலிருந்து ஒருவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரப்புடவையோடு, செங்குத்தான படிகளில் விறுவிறுவென்று ஏறி வந்தார். வேணிம்மா.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. வந்த முதல் நாள் எங்கள் மையத்து வாசற்படி ஏறவே கைப்பிடி தேடிய ஆள். "வேணிம்மா" என்று கத்தினேன். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார், உடனே வலது காலை ஒரு தடவை நொண்டினார். "உன்ற வைத்தியந்தான் கண்ணு" என்றார். அம்மாவுக்கு அறிமுகம் செய்து வைத்தேன், என் வைத்தியத்தில் குணமான ஆள் என்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் என்றார்கள். அம்மா வழக்கமாக யாரைப் பார்த்தாலும் ஊர், பேர், குலம், கோத்திரம் எல்லாம் விசாரிக்காமல் விடமாட்டாள். இன்று ஒன்றுமே கேட்கவில்லை. கூட்டத்தில் அவளுக்குத் தலைவலி போல.

ஆகஸ்ட் 5, திங்கள்

எஸ்தரிடம் கூடுதுறைக் கதையைச் சொன்னேன். "அந்தம்மா முட்டியில ஒண்ணுமே இல்லடி, எனக்கு என்னிக்கோ தெரியும்" என்றாள். அப்புறம் எதற்குப் பெருந்துறையிலிருந்து வாராவாரம் வருகிறாராம்? "வீட்ல பேச ஆளில்லாம இருக்கும். உன்கிட்டப் பேச வருதோ என்னவோ" என்றாள்.

அப்படியிருந்தால்தான் என்ன? நானும் அவரிடம் பேசத்தானே காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சொல்லிவிட்டேன். கடைக்கே போய், யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை, ஊர், சேரும் தேதி, எல்லாம். அப்பா திகைப்பார், கோபிப்பார், குறைந்தபட்சம் "அத்தன தூரமா" என்பார் என்று பதில்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆவணி பொறக்கட்டும் கண்ணு. நல்ல நாள் பாத்துப் பேசிக்கலாம்" என்றார். எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

மறுக்கவில்லை. மறுக்கவே இல்லை. இப்படியொரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 17, சனி, மதியம்

சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். இன்று ஆவணி முதல் நாள். வேணிம்மா பட்டுப்புடவையில் வந்தார், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியாம். கூட ஒரு பெண்மணி, வெளியே காரில் ஓர் ஆள். முட்டியைக் காட்டவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வைத்தார். "வெளிச்சம் நல்லா உளுகட்டும்" என்றார். நெற்றியில் குங்குமம் வைத்து, நெருக்கமாகக் கட்டிய மல்லிகையை இரண்டு கையாலும் என் தலையில் வைத்தார். எஸ்தரிடம் தன் போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

"என்னுங்க வேணிம்மா, எனக்கா கல்யாணம்?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூனாவுக்குப் போகப் போகிறேன் அல்லவா, வழியனுப்புகிறார். தோள்வலிக்காரர் ஒருவர் வெகுநேரம் காத்திருந்து முணுமுணுத்தார். பூ தலையில் கனமாக இருக்கிறது, வாசம் அறையெல்லாம் நிற்கிறது.

ஆகஸ்ட் 17, சாயங்காலம்

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நடந்ததை நானே நம்பமாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பெரிய கோலம். உள்ளே பருப்புப் பாயச வாசனை. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையிலிருந்த பூவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. காங்கேயத்து அத்தை, அப்பாவின் அக்கா. அம்மா வேண்டாம் என்பதற்குள் வாங்கிக் காதில் வைத்தேன்.

"கண்ணு, பூ வெச்சுட்டாங்களா? மாமியாக்காரி கையால நல்லா வெச்சாங்களா? தங்கமான குடும்பம் சாமி. எங்க எல்லாத்தையும் உட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில வெச்சுப் பூ வெக்கறதான்னு உங்கப்பன்கிட்டச் சண்ட போட்டேன் போ."

எங்கள் பக்கத்தில் பூ வைப்பது என்றால் என்ன என்று இந்த டைரிக்கு யாராவது சொல்ல வேண்டுமா? மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. இந்தப் பெண் இன்னாருக்கு என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு நிச்சயமும் கல்யாணமும் சடங்குதான். என் தலையில் பூ வைத்தாகிவிட்டது, எனக்கே தெரியாமல். நான் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறேன்.

அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் நேராகக் கேட்டேன்.

"என்னையத் தட்டோட நிக்க வெக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"வெக்கலியே கண்ணு."

"யாரு முன்னாலயும் நடக்கச் சொல்ல மாட்டேன்னீங்க."

"சொல்லலியே. அவங்கதான உன்ற முன்னால நடந்து காட்டுனாங்க. எந்த ஊருலயாவது மாப்பளயோட அம்மா பொண்ணு முன்னால நடந்து காட்டியிருக்கறாங்களா, நீயே சொல்லு. உன்ற மரியாதைக்கு ஒரு கொறையும் வராமத்தான் செஞ்சேன். முட்டிவலின்னு போங்க, என்ற புள்ள வேல செய்யறதப் பாருங்கன்னு நாந்தான் சொன்னேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. பயமோ வெட்கமோ இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஏதோ பரிசு வாங்கி ஒளித்து வைத்திருந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டக் கேக்கவே இல்லியேப்பா."

"கேட்டா வேண்டாம்பயே கண்ணு."

"அதுக்குத்தானப்பா கேக்கறது."

அவருக்கு அது புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. பூனா விஷயமும் ஆடி பிறப்பதற்கு முன்பே தெரியுமாம், வேணிம்மா அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். "நான் வேண்டாம்னு சொன்னனா? கட்டிக்கிட்டு ரெண்டு பேருமாப் போங்க. பையன் கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில இருக்கறான், அங்கயும் அவனுக்கு வேல கெடைக்கும்" என்றார். என் பூனாவையும் எடுத்துத் தட்டில் வைத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பூவைப் பிடுங்கி எறிந்தேன். அம்மா ஓடிவந்து பொறுக்கினாள். "நீயுமாம்மா?" என்றேன். பொறுக்கிக்கொண்டே சொன்னாள், "எங்கம்மாவுக்கு என் வயிறு மட்டுந்தான் தெரியும்னு சொன்னயாமா. அதயும் அந்தம்மா வந்து சொன்னாங்க. எங்கிட்ட ஒரு நாள் உக்காந்து பேசியிருக்கறயாடி? ஊராருகிட்டப் போய்ச் சொல்லத் தெரிஞ்சுது."

நான் கதவைப் பற்றிச் சொன்னதையும் கேட்டுத்தான் அவள் ஜூலையில் தட்டியிருக்கிறாள். அன்றைக்கு நான் மழை வரும் என்று கேலி எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டேன். வெட்கங்கெட்டுப் பசித்தது.

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். வலது கால், இடது கால், பூனா மழை, கூடுதுறை. எல்லாம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். வழக்கமான நேரம், வழக்கமான நூல் புடவை. எஸ்தர் வழிமறித்தாள், நான் விடச் சொன்னேன்.

"கோவம் இருக்கும். எனக்குத் தெரியும் கண்ணு" என்று தொடங்கினார்.

"நடந்து காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நடந்தார். சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். எந்தச் சாய்வும் இல்லை. அவர் வயதில் அப்படி நேரான நடையை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்ற கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபிக்காரப் பெரியம்மா முன்னால் நான் நடந்தது எப்படி இருந்ததோ, இதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

"மொத நாளு பாக்கத்தான் வந்தேன். உங்கப்பா அப்பிடித்தான் சொல்லி உட்டாரு. மறுவாரமே எனக்குப் புடிச்சுப் போச்சு, அதோட நின்னிருக்கலாம். அப்பறம் வந்ததெல்லாம் உங்கிட்டப் பேசத்தான். அது பொய்யில்ல" என்றார்.

"நான் சொன்னதையெல்லாம் எங்க வீட்ல போய்ச் சொன்னீங்களே, அது?"

"ரெண்டு குடும்பமும் ஒண்ணாகப் போவுது, மறைக்கலாமா கண்ணு?"

"எங்கிட்ட மட்டும் மறைக்கலாமாங்க?"

அழுதார். எனக்கும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். போகும்போது, "பூ வெச்சாச்சு. எடுத்தா நல்லதில்ல அம்மிணி" என்றார். வைத்தது நீங்கள், நான் சம்மதம் சொல்லவில்லை என்றேன். முட்டி சரியாகிவிட்டது, இனிமேல் வர வேண்டியதில்லை என்றும் சொன்னேன். அதையும் எங்கள் வழக்கமான குரலிலேயே சொன்னேன், எல்லா நோயாளிக்கும் சொல்வது போல.

அவர் எனக்குப் பிடித்தமான ஆள். அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 21, புதன்

தெரியாத எண்ணிலிருந்து போன். "நான் ஹரிபிரசாத். கமலவேணியோட பையன்" என்றது குரல். கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் அவன், "நீங்க சம்மதிச்சுட்டதா எங்கிட்டச் சொன்னாங்க. போட்டோல நல்லாச் சிரிச்சிட்டும் இருந்தீங்க. நேத்துத்தான் விஷயம் தெரிஞ்சுதுங்க. எங்க வீட்ல நான் பேசிக்கறேன், நீங்க கவலப்படாதீங்க" என்றான்.

நன்றி சொன்னேன். வைக்கப் போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டான், "அப்ப எங்கம்மா முட்டிக்கு ஒண்ணுமே இல்லீங்களா? நான் வாரா வாரம் தைலம் வாங்கிட்டுப் போய் அழுத்தி உட்டுட்டு இருந்தனே."

இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவன் வைத்துவிட்டான். அவன் இந்தச் சுற்றுவழியில்லாமல் நேராக வந்திருந்தால் எனக்கு அவனைப் பிடித்திருக்கக்கூடும். அதையும் கெடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பெருந்துறைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பா கடைக்குப் போகவில்லை. என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அப்பன் என்னைக்காச்சும் உனக்குக் கெட்டது நெனச்சிருக்கறனா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"அப்பறம் எதுக்கு எங்கூடப் பேச மாட்டீங்கறே?"

என்ன சொல்வது? கெட்டது நினைத்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். அம்மா என்றால் முட்டி மோதிப் பார்ப்பேன், அவள் எதிர்க்கட்சி, அவளிடமிருந்து இது வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே செய்தார். கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தபோதே, பூ வைக்க நாள் குறித்த சீட்டு அவர் பாக்கெட்டில் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதத்தான் வருகிறது. அவரிடம், "பூனாவுக்கு டிக்கெட் போட்டுட்டேனுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. போய் நிமிர்த்த வேண்டும் என்று கை துடித்தது, போகவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். நான் பதில் சொல்லவில்லை. அம்மா திறக்கவில்லை, மறுபடி தட்டவும் இல்லை. வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அங்கேயேதான் நிற்கிறாள் என்று தெரியும். வேண்டுமென்றே நிற்க வைத்தேன். பிறகு, "வாம்மா" என்றேன்.

பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கொண்டுவந்து பெட்டி ஓரத்தில் வைத்தாள். எள்ளுருண்டையை எடுத்து வெளியே வைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் பெட்டியின் தூசியைத் துடைத்துவிட்டு, "போன் பண்ணுடி. எங்கிட்டப் பேசாட்டியும் பரவால்ல, உங்கப்பாகூடப் பேசு" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன், பூனா

மழை நிற்கவே இல்லை. அப்பா சொன்னது சரிதான்.

ரயிலேற்ற அம்மாவும் எஸ்தரும் வந்தார்கள். அப்பா வரவில்லை. ஆனால் ரயில் நகரும்போது நடைமேடையின் கடைசியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், உரக்கடைப் பையோடு ஓர் ஆள் நின்றிருந்தார். அப்பாவாக இருக்கலாம். மறைந்து நின்று பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தவுடன் அழுகை வந்தது. தினமும் கூப்பிடுகிறார், நான் எடுத்து, "சாப்ட்டேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

இங்கே மெஷின்கள் புதிது, மனிதர்கள் நல்லவர்கள், சப்பாத்தி காய்ந்து கிடக்கிறது. விளையாட்டுக்காரர்கள் போக, அக்கம்பக்கத்துக்காரர்களும் காலையில் வருகிறார்கள். இன்று ஒரு மராத்தியம்மாள் வந்தார். வேணிம்மா வயதுதான் இருக்கும். நடந்து காட்டச் சொன்னேன். நடந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான ஹிந்தியில், எந்த ஊர் மகளே, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், தனியாகவா வந்தாய் என்று கேட்டார். நல்ல முகம். பையிலிருந்து எனக்கென்று ஒரு கொய்யாப்பழமும் எடுத்தார்.

ஒரு காலத்தில், அதாவது போன மாதம், நான் குடும்பக் கதை முழுவதையும் அவர் மடியில் கொட்டியிருப்பேன். இன்று கையை உருவிக்கொண்டேன். ஊர் சென்னை என்றேன். வீட்டில் யாருமில்லை என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் "அடடா" என்று வருத்தப்பட்டார், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பிறகு குனிந்து அவருடைய முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே வீங்கியிருந்தது.